இருபத்து மூன்று வயதுப் பூட்டன்

நாலாங்கட்டைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன பஸ்ஸில் போகும்போது இருபத்தோரு பேர் இருந்தார்கள், திரும்பி வரும்போது இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அந்த இருபத்திரண்டாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவள் என் அக்கா லோகேஸ்வரி. அவள் போனதையும் வந்ததையும் இடுப்பில் பிள்ளையோடு தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று பார்த்தவள் நான்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம், காய்ச்சலிலும் பேதியிலும் அங்கேயே போய்ச் சேர்ந்தவர்கள் அதிகம், அவர்களுக்காக வருஷா வருஷம் எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு பஸ் பிடித்து, வீட்டுக்கு ஒருவர் என்று ஏற்றி, அந்த ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு முற்பகல் பிரார்த்தனை செய்துவிட்டு, மீதி நாளெல்லாம் பாலம், யானை, அருவி, படுத்திருக்கிற தங்கப் புத்தர், தண்ணீரில் மிதக்கிற சந்தை என்று சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து இறக்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படிப் போனவர் சடையன். எங்கள் தாத்தாவுக்கு அப்பா, எங்களுக்குப் பூட்டன். லாரியில் ஏறும்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, பெண்சாதி காத்தாயிக்குப் பத்தொன்பது, பிள்ளைக்கு எட்டு மாசம். அந்த எட்டு மாசப் பிள்ளைதான் வளர்ந்து, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, கிழவராகி, எங்கள் தாத்தாவாகச் செத்துப்போனார். சாகிற வருஷம் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் நான், முதுகு துடைத்துவிட்டவள் நான், "எங்கப்பன் மொகம் எனக்குத் தெரியாது ஞானா, நீயாச்சும் ஒரு தடவ அங்க போய்ப் பாத்துட்டு வா" என்று அவர் கேட்டுக்கொண்டது என்னிடம், அக்காவிடம் இல்லை.

ஆனால் எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. அக்கா பிறந்தது பெரியாஸ்பத்திரியில், அங்கேயே பேரைப் பதிந்து காகிதம் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் பிறந்தது வெள்ளம் வந்த வாரத்தில், லயத்து வீட்டுக்குள்ளேயே. நாளைக்குப் பதிகிறேன், அடுத்த மாசம் பதிகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அப்பா காலத்தைக் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தக் காகிதம் இல்லாமல் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, அடையாள அட்டை இல்லை, எங்கே போனாலும் வரிசையில் கடைசியில் நிற்பதும், கேட்டதற்குத் தலை குனிவதும் எனக்குப் பழகிப்போனது. ஒரே வயிற்றில் பிறந்தும் அக்கா பிறந்ததற்குச் சர்க்கார் சாட்சி, நான் பிறந்ததற்கு நான்தான் சாட்சி.

புறப்படுவதற்கு முதல் நாள் அக்கா அந்தச் சிவப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் வீடும் என் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம், அங்கே அவள் கடுகு தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும்.

"கையக் கழுவிட்டுத் தொடுடி."

கழுவிவிட்டுத் தொட்டேன்.

"படத்துல கொஞ்சம் குண்டாத் தெரியறேன்ல?"

"ஆமாக்கா" என்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல் அந்த ஒரு வார்த்தைதான்.

அவள் போன நாலு நாளும் என் புருஷன் குணபாலனின் கைப்பேசிக்குப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பாலத்தில் அக்கா, யானை மேல் அக்கா, அருவியில் அக்கா, தங்கப் புத்தரின் கால்விரல் பக்கத்தில் அக்கா, மாம்பழத்தையும் சோற்றையும் ஒன்றாகப் பிசைந்து தின்கிற அக்கா. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தில் நின்று, "ஆளுக்கொரு கல்லு, கல்லுல பேரு, கல்லச் சுத்திப் பூச்செடி, நம்ம ஆளுங்களுக்கு எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு மேடு, பாக்கப் பாக்க வயிறு எரியுதுடி" என்று குரலையும் பதிந்து அனுப்பினாள். அவள் வயிறு அங்கே எரிந்தது, என் வயிறு இங்கே எரிந்தது. சோறு குழைந்தது, பாலைப் பொங்கவிட்டேன், ஒன்றும் அறியாத பிள்ளையை அதட்டினேன். மொத்தம் ஐம்பத்தெட்டுப் படம். பிரார்த்தனையில் எடுத்தது ஒன்றே ஒன்று, அதிலும் பாதி கற்பூரப் புகை, பாதி அக்காவின் கட்டைவிரல்.

அந்தப் பிரார்த்தனையில்தான் அக்கா தப்புப் பண்ணினாள்.

எழவு வீட்டிலிருந்தும் சுடுகாட்டிலிருந்தும் கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, வாய்தவறிக்கூட யாரையும் வா என்று கூப்பிடக்கூடாது, இது எங்களில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. மற்ற இருபது பேரும் முறைப்படி பூவைப் போட்டு, கற்பூரத்தைக் கொளுத்தி, அழுகிறவர்கள் அழுது, வாயைத் திறக்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஆனால் என் அக்கா விளக்குக் கம்பத்தைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கூப்பிடுகிறவள். யானை பார்க்க நேரமாச்சு என்று சங்கத்துச் செயலாளர் நடேசன் விசில் அடித்ததும் அந்தப் பரபரப்பில் அவள் திரும்பி நின்று, அந்த மேட்டைப் பார்த்து, கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, "அப்ப நாங்க வரோம் தாத்தா, நீங்களும் ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவரும் வந்துவிட்டார்.

யானையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸின் கடைசி சீட்டில் கோவணத்தோடு ஒரு இளந்தாரி உட்கார்ந்திருந்தாராம். காலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம். நடேசன் தலையை எண்ணினார், இருபத்திரண்டு வந்தது, மறுபடி எண்ணினார், மறுபடியும் இருபத்திரண்டு, குறைந்தால்தானே கவலை என்று விட்டுவிட்டார். எல்லையில் எல்லாரும் பாஸ்போர்ட்டை நீட்ட, இவர் வெறும் கையை நீட்ட, அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்த உள்ளங்கையிலேயே முத்திரையைக் குத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த முத்திரை கடைசி வரைக்கும் அழியவில்லை. பிறந்ததற்குக் காகிதம் இல்லாத நான் அடுத்த ஊரைத் தாண்ட முடியாது, செத்ததற்குக் காகிதம் இல்லாத அவர் ஒரு நாட்டையே தாண்டி வந்து அக்கா வீட்டு வாசலில் இறங்கினார். அந்த உள்ளங்கையைப் பார்த்தபோது, பாஸ்போர்ட்டைப் பார்த்தபோது எரிந்ததைவிட எனக்கு அதிகமாக எரிந்தது.

அக்கா எனக்கும் ஒரு சாமான் வாங்கி வந்திருந்தாள், குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுகிற காந்தப் பாலம். என் வீட்டில் குளிர்பெட்டி இல்லை.

தோட்டம் அவரைப் பழகிக்கொள்ள இரண்டு நாள்தான் ஆனது. விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடுகிற களத்துக்கு, அவர் முதல் ஆளாகப் போய் நின்றார். வேலையை மேற்பார்க்கிற தண்டல் ராமையா பேரேட்டைப் புரட்டிவிட்டு, "சடையன்னு பேரு இல்லியே" என்றார். "போன வாரம் இருந்துச்சுங்களே" என்றார் இவர். ராமையா யோசித்துப் பார்த்து, வங்காளதேசத்து ஆட்களின் பேர்களுக்குக் கீழே சடையன் என்று எழுதிக்கொண்டார். பால்மரம் ஒன்றுகூட இல்லாமல் கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய்ச் செம்பனை நிற்பதைப் பார்த்து அவர் அதிசயப்படவில்லை, எல்லாம் ஜப்பான்காரன் செய்த வேலை என்று எடுத்துக்கொண்டார். சடக்கில் போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பார்த்து இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். எல்லாம் ஜப்பான் வண்டிதானே.

"இப்படிக் குனிய வேணாம் தாத்தா, ஜப்பான்காரன் எப்பவோ போயிட்டான்" என்று குணபாலன் சொன்னான்.

"சாமான் எல்லாத்தையும் விட்டுட்டாய்யா போயிட்டான்?"

"ஆமா தாத்தா, தவணைக்குக் குடுத்துட்டுப் போயிட்டான்."

மழையில் அவர் தலை நனையாது, ஆனால் எந்த வெயிலிலும் கால் காயாது. அவர் நடந்த இடமெல்லாம் ஆற்றுத் தண்ணீரில் அச்சடித்த மாதிரி பாதம் கிடக்கும், லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் சாக்கை மடித்துப் போட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். இருபத்து மூன்று வயசுக்காரரை ஏன் எல்லாரும் தாத்தா என்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, சயாமுக்குப் போய்த் திரும்பினவர்களுக்கு இங்கே அப்படித்தான் மரியாதை என்று சொல்லிவைத்தார்கள். அக்கா வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த எங்கள் தாத்தாவின் படத்தைக் காட்டி, "இந்தப் பெரியவரு யாரு?" என்று கேட்டார். "எங்க தாத்தா" என்றாள் அக்கா. பெரியவர் என்றால் மரியாதை செய்யவேண்டும் அல்லவா, தினமும் காலையில் அந்தப் படத்தின் முன் நின்று, தான் பெற்ற பிள்ளையைத் தானே கும்பிட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார்.

ஏனென்றால் அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. காய்ச்சலில் கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டேன், யாரோ வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்ட சத்தத்தில் எழுந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலேயே, "காத்தாயி எப்படி இருக்கா? புள்ள எப்படி இருக்கான்?" என்று கேட்டதற்கு அக்கா திணறிப்போய், "அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க தாத்தா, தீபாவளிக்கு வந்துருவாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தாள். அந்தப் பொய்யைத் தோட்டமே தத்தெடுத்துக்கொண்டது. அவர் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் ஒரு கோப்பை கோப்பியும், பிள்ளையைப் பற்றி ஒரு சேதியும் தயாராக இருந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது என்றாள் கடைசி வீட்டுச் சூரியம்மா. தவழ்கிறானாம் என்றார் ராமையா. அப்பா என்கிறானாம் என்றார் நடேசன். மறுநாளே சூரியம்மா, "அப்பான்னு இல்ல தாத்தா, அம்மான்னுதான் சொல்றானாம், இந்த நடேசனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று திருத்தினாள். யார் நல்ல சேதி சொல்கிறார்களோ அவர்கள் வீட்டில் அவர் கூடக் கொஞ்ச நேரம் உட்காருவார், அதற்காகவே ஆளுக்கு ஆள் போட்டி போட்டுப் பிள்ளையை வளர்த்தார்கள்.

என் வீட்டுக்கு மட்டும் அவர் வரக்கூடாது. அது அக்கா போட்ட சட்டம்.

"உன் புள்ளைக்கும் எட்டு மாசம். பாத்தாருன்னா தன் புள்ள நெனப்பு வந்து தீபாவளி வரைக்கும் பொறுக்க மாட்டாரு. அவரு வர்றப்ப கதவச் சாத்திக்க, என்ன?"

"அவரு எனக்கும்தானக்கா பூட்டன்."

"யாருடி இல்லன்னா? கூட்டிட்டு வந்தது யாரு?"

கதவைச் சாத்திக்கொண்டேன். பலகைச் சுவரின் இந்தப் பக்கம் பிள்ளையின் வாயில் மார்பை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்தப் பக்கம் அவர் சோறு கேட்கிற சத்தம் கேட்கும், அக்கா சிரிக்கிற சத்தம் கேட்கும், "எங்க தாத்தா கருவாடுன்னா உயிர விடுவாரு" என்று வந்தவர்களிடம் அவள் சொல்வது கேட்கும். எங்க தாத்தா. அந்த எங்க-வில் நான் இருக்கிறேனா இல்லையா என்று நான் ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துப் பார்ப்பேன்.

வெளித் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வரத் தொடங்கினார்கள். தங்கள் வீட்டுச் சயாம் ஆட்களின் பேர்களை எழுதிக்கொண்டு வந்து, பெரியண்ணனைப் பார்த்தீர்களா, குப்பனைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "எம் பக்கத்துப் பாய்லதான் படுத்திருந்தான், நல்ல தூக்கம்" என்பார் அவர், கேட்டவர்கள் அழுதுகொண்டே போவார்கள். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளை உள்ளே விட்டாள். யானைப் படம் போட்ட சட்டையைத்தான் போட்டிருப்பாள். பேப்பரில் அவள் படம் வந்தது. வந்தவர்களுக்குக் கோப்பி கலக்கியது நான், கிளாஸ் கழுவியது நான். ஒருத்தி என்னைப் பார்த்து, "இது யாரு, வேலைக்கு வெச்சிருக்கிங்களா?" என்று கேட்டாள். அக்கா இல்லை என்றுதான் சொன்னாள், ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

பொறாமை எனக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அக்காவோடு சயாம் போய் வந்த இருபது பேரும் பொருமிக்கொண்டுதான் இருந்தார்கள். "முறை தெரிஞ்சவ நானு, திரும்பிப் பாக்காம வந்தேன், எங்க தாத்தன் அங்கேயே கெடக்காரு. இவ வாயாடிட்டு வந்தா, இவளுக்குச் சடையன் வந்து சேந்துட்டாரு. நல்லா இருக்கு லா நியாயம்" என்று குழாயடியில் குடத்தை நங்கென்று வைப்பாள் சூரியம்மா. சங்கத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அடுத்த வருஷம் இரண்டு பஸ், ஆளுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டுக் காலி, எல்லாரும் வாய் நிறைய வாங்க வாங்க என்று கூப்பிடுவது, வருகிறவர்களுக்கு மாற்றுத் துணி கையோடு கொண்டுபோவது என்று முடிவானது. அது வரைக்கும் இந்த மாசக் கடைசியில் அக்காவுக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவது, பக்கத்தில் பூட்டனை உட்கார வைப்பது என்றும் முடிவானது. அவர் வந்து நாற்பதாவது நாள் அக்கா அந்த மேடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க டவுனுக்குப் போனாள். அத்தான் கூடப் போனார்.

பத்து மணி இருக்கும். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்து அவர் கால் கழுவ வந்தார், எவ்வளவு கழுவினாலும் அந்தக் கால் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"தங்கச்சி."

நின்றேன். என்னைவிட நாலு வயசு சின்னவர்.

"ஊரே எனக்கு எம் புள்ள சேதி சொல்லுது. நீ மட்டும் என்னக் கண்டா கதவச் சாத்திக்கிற. ஒனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

பண்ணவில்லை. ஒன்றுமே பண்ணவில்லை. கெடுதல் எனக்குள்தான் இருந்தது. டவுனில் அக்கா ஜாக்கெட்டுக்குத் தங்கக் கரை வைக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள், மேடையில் உட்காருவாள், இந்த ஆள் பக்கத்தில் உட்காருவார், நான் பின்னால் நின்று கிளாஸ் கழுவுவேன், இந்த ஆளுக்கு உண்மை தெரிந்தால் இந்த ஆள் இருக்கமாட்டார், இவர் இல்லாவிட்டால் மேடை இல்லை. இதை எல்லாம் நான் தெளிவாக நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன், வாய்தவறி வந்தது என்று சொல்லமாட்டேன்.

"எல்லாரும் ஒங்களுக்குப் பொய் சொல்றாங்க. ஒங்க புள்ளைக்குப் பல்லு மொளைக்கல, விழுந்துருச்சு. அக்கா வீட்டுல தெனம் கும்புடுறிங்களே, மால போட்ட படம், அந்தக் கெழவருதான் ஒங்க புள்ள. அவருக்குக் கஞ்சி ஊத்தினவ நானு. நான் அவரு பேத்தி."

அவர் குழாயை மூடினார். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்கிற மாதிரி மெதுவாக மூடினார்.

"காத்தாயி?"

"செத்து நாப்பத்தோரு வருசம் ஆச்சு. நீங்க செத்து அதுக்கும் மேல."

நான் பயந்துகொண்டே நின்றேன், அப்படியே கரைந்துவிடுவாரோ, விழுந்துவிடுவாரோ என்று. அவர் குழாயடித் திட்டில் உட்கார்ந்தார். உள்ளங்கை முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தனியாவா இருந்தா?"

"நாலு வருசம் பாத்தாங்க. அப்புறம் சோலமலைக்குக் கழுத்த நீட்டினாங்க. மாட்டுக்காரச் சோலமல."

"சோலமலையா!" என்று எழுந்தேவிட்டார். "அந்தப் பயலா! லாரி ஏறுறப்ப எனக்குப் பீடி பத்தவெச்சுக் குடுத்தவன். குடுத்துட்டு அவ பக்கம் ஒரு பார்வ பாத்தான். எனக்கு அப்பவே தெரியும். அப்பவே!"

அவருடைய மூக்கு விடைத்தது, கீழுதடு உள்ளே மடங்கியது, கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அந்த முகத்தை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். அதுவரைக்கும் ஊர் சொல்வதை வைத்துத்தான் அவரைப் பூட்டன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நொடியில்தான் இவர் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது என்று எனக்கே நிச்சயமானது.

மறுபடி திட்டில் உட்கார்ந்து கேட்டார்.

"அடிப்பானா?"

"இல்லியாம். தாத்தா சொல்லிருக்காரு. கோவம் வந்தா மாட்டத்தான் திட்டுவாராம்."

"எம் புள்ளைக்குச் சோறு?"

"தம் புள்ளைக்குப் போட்ட மாதிரியே. மீன் தலைய இவருக்குத்தான் வெப்பாராம்."

"அவ பூ வெச்சுக்கிட்டாளா?"

"செத்த அன்னிக்கும் வெச்சிருந்தாங்க. சோலமலதான் வாங்கிட்டு வந்தாராம்."

அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, பாருங்கள், சிரித்தார். நாற்பது நாளில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேல் வரிசையில் ஒரு பல் குறுக்காக இருந்தது.

"சரி, பூ வெச்சுக்கிட்டா" என்றார். "பய பரவால்ல."

உள்ளே பிள்ளை எழுந்து அழுதது. அவர் என் கதவைப் பார்த்தார். நான் என்னைப் பார்த்து யாராவது பேசினாலே தரையைப் பார்க்கிறவள், அன்றைக்கு என் குரல் எனக்கே கேட்கிற மாதிரி, "உள்ள வாங்க தாத்தா" என்றேன்.

ஒரு மணி நேரம் இருந்தார். பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டார், வேறு முகம் பார்த்தால் வீறிடுகிற பிள்ளை அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ரசமும் சோறும்தான் இருந்தது, கருவாடு இல்லை, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு காத்தாயி எங்கே என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

தோட்டத்து இடுகாடு செம்பனைக்குள் இருக்கிறது. சிமெண்டுப் பூச்சு வெடித்த இரண்டு சமாதி, பக்கத்தில் பக்கத்தில். இடது காத்தாயி, வலது சோலமலை. அவர் சோலமலையின் சமாதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நீளத்தைப் பார்த்தார், அகலத்தைப் பார்த்தார்.

"வலப்பக்கம் முழுக்க இவன் புடிச்சுக்கிட்டானே."

"இந்தப் பக்கம் வாய்க்கா தாத்தா, ஈரமா இருக்கும்."

"ஈரம் எனக்குப் புதுசா?" என்றார். வாய்க்கால் கரையில், காத்தாயிக்கு இந்தப் பக்கம், மேல்துண்டை விரித்து உட்கார்ந்தார். "நீ போ தாயி. புள்ளைக்கு வெயிலு ஆகாது."

மறுநாள் பெரட்டில் சடையன் என்று மூன்று தரம் கூப்பிட்டார் ராமையா. பிறகு அந்தப் பேருக்கு நேராகச் சம்சாரத்தோடு இருக்கிறார் என்று எழுதிக் கோடு போட்டார். காத்தாயியின் இந்தப் பக்கம் ஓர் ஆள் நீளத்துக்கு மண் மேடாகி, எந்த வெயிலிலும் காயாமல் இருந்தது. முதலில் ஊர் என்னைத் திட்டியது. வாயில்லாப் பூச்சி என்று நினைத்தோமே, இவளுக்கு இவ்வளவு விஷமா என்றார்கள். நடேசன் மேடைக்குச் சொன்ன பந்தலை ரத்துச் செய்தார். ஆனால் இரண்டு நாளில் அதையும் பழகிக்கொண்டார்கள், வெளித் தோட்டத்து வேன்கள் இடுகாட்டுக்கு வழி கேட்டுப் போயின, சூரியம்மா மட்டும் என் வீட்டுக்கு அரைக்கிலோ கருவாடு கொடுத்தனுப்பினாள். எதற்கென்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அக்கா இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு தாளிக்கிற சத்தம்கூட இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தாள். யானைச் சட்டை போடவில்லை. உட்காரச் சொல்வதற்கு முன்பே பாயில் உட்கார்ந்தாள், அவர் உட்கார்ந்த அதே இடத்தில், தெரிந்து உட்கார்ந்தாளா தெரியாமல் உட்கார்ந்தாளா தெரியாது.

"என்னத்துக்குடி சொன்ன?"

"பொறாமையா இருந்துச்சுக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை.

"சிரிச்சாராமே. சூரியம்மா பாத்தாளாம்."

"ஆமாக்கா."

"புள்ளையத் தூக்கினாராமே."

"ஆமா."

"நாப்பது நாளு எங்கிட்ட சோறு தின்னாரு. ஒரு தடவ சிரிக்கல. அது வேணுமா இது வேணுமான்னு கேப்பேன், தலைய ஆட்டுவாரு." அவள் பாயின் கோரையை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தாள். "ஒங்கிட்ட என்னடி பேசினாரு?"

அடிப்பானா என்று கேட்டது, சோறு என்று கேட்டது, பூ என்று கேட்டது, பய பரவால்ல என்றது, எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நாளைக்கே அது அக்காவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வந்தவர்களிடம் எங்க தாத்தா இப்படிக் கேட்டாரு, எங்க தாத்தா அப்படிக் கேட்டாரு என்று பேசும்.

"ஒண்ணும் பேசலக்கா."

"பொய் சொல்லாத ஞானா. ஒரு மணி நேரமா ஒண்ணும் பேசல?"

"சாப்பிட்டாரு. அவ்வளவுதான்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூக்கு விடைத்து, கீழுதடு உள்ளே மடங்கி, கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் அவளைப் பார்த்த பார்வை அது. அது என் மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் சூடாக, கொஞ்சம் கூச்சமாக, நன்றாகத்தான் இருந்தது.

நான் அவசரப்படாமல் எழுந்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதிக்கும் வரை அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீனி எவ்வளவு போடட்டும்க்கா?" என்று கேட்டேன்.